ஓடாமல் நின்ற வண்டி

குட்டியானை மினி லாரியிலிருந்து இறக்கிய பைக்கின் நம்பரைப் பார்த்ததும் மெக்கானிக் சுஹைல் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"கீழ்பென்னாத்தூர்லேருந்து திருவண்ணாமலைக்கு உன்னத் தேடி வரேன். போன வருசம் நீதான் சர்வீஸ் பண்ண," என்றார் பைக்கின் சொந்தக்காரர் இருசப்பன்.

சுஹைல் வண்டியை விட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "உங்க பையன்தான ஓட்டுவாரு? அவரு... நல்லா இருக்காரா?"

"பிரசாத்தா? அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். வண்டிதான் சரியில்ல. அன்னிக்கும் குட்டியானையிலதான் ஏத்தினு போனோம். வீட்டாண்ட இறக்கி ஸ்டார்ட் பண்ணா, நாலடி போய் இருமி இருமி நின்னுடுச்சு. ராசியில்லன்னு மூலையில போட்டுட்டோம்."

"அப்புறம் யாருமே ஓட்டலையா?"

"ஓடினாத்தான ஓட்றதுக்கு?"

சுஹைல் ஏர் ஃபில்டரைக் கழற்றினான். காற்றுப் போகும் வழியை ஒரு கந்தல் துணி அடைத்துக்கொண்டிருந்தது. சர்வீஸின்போது தூசி விழாமலிருக்க அவனே திணித்து, எடுக்க மறந்த துணி.

இருசப்பனுக்கு முகம் சிவந்தது. "இதாலதான் ஒரு வருசமா ஓடலையா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காய்யா?"

"தப்புதாங்க," என்ற சுஹைல், அந்த அழுக்குத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறகு மேசை டிராயரைத் திறந்தான். போன வருடம் இந்த வண்டி போன பிறகு தரையில் கிடந்து, வீடு தெரியாமல் கீழ்பென்னாத்தூர் முழுக்க அவனைத் தெருத்தெருவாக அலையவிட்ட முன்சக்கர நட்டு உள்ளே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் முன் மண்டியிட்டான்.