பெயரில் ஓர் எழுத்து

"அவரு வீட்ல இல்லையே தம்பி" என்று எத்சுகோ சொன்னபோது, ஒகிமுராவின் செருப்பு வாசலில்தான் கிடந்தது. உள்ளே தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டிருந்த பேஸ்பால் ஆட்டத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது.

ஹயாமிக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதே கதைதான். அவன் முலாம்பழப் பெட்டியோடு வருவான். பெரியவர் எங்கேயோ போயிருப்பார். புகழ்ச்சிக்குக் கூசுகிற மனிதர். நகராட்சி கொடுத்த பதக்கத்தை வாங்கக்கூட அவர் போனதில்லை.

"இன்னிக்கு அவரைப் பார்க்காம போறதா இல்லைம்மா. எனக்குப் பையன் பொறந்திருக்கான்."

"அட! அதை முதல்ல சொல்ல வேண்டாமா? வா, உள்ள வா." எத்சுகோ உட்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க, ஒளிஞ்சது போதும், வெளிய வாங்க!"

கூடத்து மூலையில், இறந்தவர்களுக்கான மாடத்தில் மினோருவின் படம் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளியில் கொடுக்கிற மஞ்சள் தொப்பி. அதற்குக் கீழே முன்பல் விழுந்த சிரிப்பு. ஹயாமி ஊதுபத்தி ஏற்றிக் கைகூப்பினான்.

மினோருவும் அவனும் ஒரே வகுப்பு. அந்தக் கோடை விடுமுறையில் ஒருநாள், தெருமுனையில் காலை உடற்பயிற்சி முடிந்த கையோடு அதே மஞ்சள் தொப்பியும் பனியனுமாக இருவரும் ஆற்றுக்கு ஓடினார்கள். மலையில் இரவெல்லாம் மழை கொட்டியது அவர்களுக்குத் தெரியாது. கலங்கிப் பெருகி வந்த வெள்ளம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனது.

குதித்தவர் மினோருவின் அப்பா ஒகிமுரா. ஹயாமியைக் கரையில் போட்டுவிட்டு மறுபடியும் குதித்தார். மினோரு கிடைத்தது மறுநாள்தான், அணைக்கட்டுப் பக்கம்.

'பெற்ற மகனை விட்டு அடுத்தவர் பிள்ளையைக் காத்தவர்' என்று பத்திரிகையில் போட்டார்கள். அந்த வரியைப் படித்துப் படித்துத்தான் ஹயாமி வளர்ந்தான். தீயணைப்புப் படையில் சேர்ந்ததும் அதனால்தான்.

ஒகிமுரா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "என்னடா, வீடு பத்திக்கிட்ட மாதிரி கதவைத் தட்டறே? இந்தப் பழத்துக்கு ஒரு முடிவே இல்லையா? எனக்குச் சர்க்கரை வந்ததே உன்னாலதான்."

"பழம் சும்மா ஒரு சாக்கு ஐயா. இந்தத் தடவை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்." ஹயாமி மண்டியிட்டு, பாயில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலை தாழ்த்தினான். "உங்க பேர்லேர்ந்து ஓர் எழுத்து குடுங்க. தோகுஸோங்கிற பேர்ல 'தோகு'ங்கிறது ஒரே சித்திர எழுத்துதானே, அதை எடுத்து, பையனுக்கு தோகுமான்னு வைக்கணும். நாளைக்குள்ள பேரைப் பதியணும்."

"வேண்டாம்."

"ஐயா..."

"வேற பேரா கிடைக்கல? உன் மாமனார் பேர்ல எழுத்தே இல்லையா?"

"அவரு பேரை வெச்சா பையன் பால்குடி மறக்கிறதுக்குள்ள சாராயக் கடையில போய் நிப்பான்."

எத்சுகோ வாய்விட்டுச் சிரித்தாள். ஒகிமுரா சிரிக்கவில்லை.

"குடுத்துடுங்களேன்" என்றாள் அவள், பழத்தை நறுக்க உட்கார்ந்தபடி. "இவனைத்தானே முதல்ல தூக்குனீங்கன்னு நான் எத்தனை வருஷம் உங்க மூஞ்சியில முழிக்காம இருந்தேன். கைக்கு எட்டின உசிரை விட்டுட்டுப் போக மனசு வரலைன்னீங்க. அதைக் கேட்டுத்தான் என் வயிறு ஆறுச்சு. இப்போ மட்டும் என்ன பிகு?"

"மாட்டேன்னா மாட்டேன்." ஒகிமுரா எழுந்துவிட்டார்.

மகனுக்கு வைக்க ஹயாமியிடம் வேறு பெயர் இல்லை, யோசித்ததே இல்லை. அவன் பெரியவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன் ஐயா. எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்லை. எனக்கு அப்பா இல்லைன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கு அந்தத் தண்ணியில என்னைப் பின்னாலேர்ந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, காதுகிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'பயப்படாதடா, அப்பா வந்துட்டேன்'னு சொன்னீங்க. அப்பா இல்லாத பையன்னு தெரிஞ்சு, அந்த நேரத்துலயும் அதைச் சொல்ல உங்களுக்குத் தோணுச்சே! அன்னிலேர்ந்து எனக்கு நீங்கதான் அப்பா. எம்புள்ளைக்குத் தாத்தா பேரை வைக்கக் கூடாதா?"

கத்தி பலகையில் விழுகிற சத்தம் நின்றுவிட்டது. எத்சுகோ அழுகிறாள் என்றுதான் ஹயாமி நினைத்தான். அவள் அழவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பான்னா சொன்னீங்க?"

ஒகிமுரா சட்டைக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நின்ற இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தார்.

"கரைக்கு வந்துதான் இவன் முகத்தைப் பார்த்தேன், எத்சுகோ."