முதல் தண்ணீர்

ஐந்து மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் அன்று தண்ணீர் திறந்திருந்தார்கள். முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. அதற்குப் பத்தடி முன்னால், வாய்க்காலுக்குள்ளேயே ருக்குமணி நடந்துகொண்டிருந்தாள். கரைமேல் அவள் கணவன் நாச்சிமுத்து அவளுடைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருந்த கவரைக் கக்கத்தில் இடுக்கியபடி கூடவே வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இப்படித்தான். சொல்லும்வரை கரையேற மாட்டேன் என்றிருந்தாள்.

“என்ற ரிப்போர்ட்டுல என்னதானுங்க போட்டிருக்குது?”

“ஒண்ணுமில்ல புள்ள. மேல வா.”

“ஒண்ணுமில்லீன்னா காட்டுங்க.”

அவன் கவரை மற்றக் கக்கத்துக்கு மாற்றினான். முதல் படித்துறை போயிற்று. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, “தண்ணி வருதே அம்மிணி” என்றார். “தெரியுமுங்க” என்றாள். இரண்டாவது படித்துறையும் போயிற்று. நுரை அவள் குதிகாலைத் தொட்டது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. சேலையை மட்டும் ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

மூன்றாவதுதான் கடைசிப் படித்துறை. அதற்கு அப்பால் ஊர்வரைக்கும் செங்குத்துச் சுவர். அங்கே வந்ததும் அவள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“சொல்லுங்க. ஏறி வந்தர்றேன்.”

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றினான். கவரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்ட தண்ணீரில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.