கிரேன் பாஷை

"கையை அவ்ளோ ஒசரத் தூக்காதேமே! அப்டித் தூக்குனா 'நிறுத்து'ன்னு அர்த்தம்."

நீலமேகம் அதட்டியதும் பட்டம்மாள் கையை இறக்கிக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப 'தூக்கு'க்கு இன்னாய்யா?"

"ஒத்த வெரலு. மேல காட்டி வட்டமா சுத்தணும். கீழ காட்டிச் சுத்துனா 'எறக்கு'. எங்க, பண்ணு பாப்போம்."

நீலமேகத்துக்குத் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்குத் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது; எல்லாம் கையில்தான். இரும்பையும் மூட்டையையும் ஏற்றி இறக்கிய அந்தப் பாஷை, இப்போது திருவொற்றியூரில் அவனுடைய ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைந்திருந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் காலை ஆபரேஷன்.

வெறும் தொண்டைக் கரகரப்பில் ஆரம்பித்தது. உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக் கஷாயத்திலேயே மூன்று மாதத்தை ஓட்டிவிட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, குரல்வளைக் குருத்தெலும்பில் புற்று என்றார்கள். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வகையாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார் பெரிய டாக்டர். குரல்வளையை எடுத்தால் உயிர் நிற்கும், ஆனால் பேச்சு போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"பலகையில எழுதிக் காட்டிக்கலாம்" என்றார் நர்ஸ். அதற்கு எழுத்து தெரிய வேண்டுமே! புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அதனால்தான் இந்தக் கை வித்தை.

கிரேன் டிரைவர் கோதண்டம் சாத்துக்குடிப் பையோடு உள்ளே வந்தான்.

"இன்னா மாமு, பாடம் முடியலியா? பத்து நாள் லீவு பத்தாது, ஒரு மாசமாக் கேட்டு வாங்கு. உன் எடத்துல ஒருத்தனைப் போட்டுக்கீறாங்க. அவன் கை காட்டுனா மேல குந்திக்கினு கீற எனக்கு ஒடம்பு நடுங்குது."

பையை மூலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான் கோதண்டம்.

"நான் ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி ஊதறேன். குத்துக்கல்லு மாதிரி கீறேன். ஒரு பொகையிலக் காம்பு தொட்டதில்ல, இங்க வந்து கீது பாரு!"

அவன் போனதும் பட்டம்மாள் கேட்டாள்: "சோறு தண்ணிக்கு இதெல்லாம் சரிய்யா. சண்டை வந்தா இன்னா பண்றது?"

"அதுக்குக் கையே வாணாம். மூஞ்சியத் திருப்பிக்கினாப் போதும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே நீலமேகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை வாயாடிக்கொண்டே கிடக்கிற வீடு இது. இனி எப்படி இருக்கும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"அழுவாதேய்யா. உசுரு இருந்தா உப்பு வித்தாவது பொழைச்சுக்கலாம்" என்றாள் பட்டம்மாள்.

ஆபரேஷன் அன்று காலை, வராந்தா பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தார்.

"பேசறதை இப்பவே பேசிக்குங்க."

நீலமேகம் எழுந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பட்டம்மாள் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறிப் படுத்தாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணமான பதினேழு வருஷமாக ஒரு தடவைகூட அந்தப் பேரை உச்சரிக்காதவள், கதவுக்குள் போவதற்கு முன்னால் தலையைத் தூக்கி, மிச்சமிருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள்:

"நீலமேகம்!"