பேர் சொல்லாதது

“ஐயாயிரம் ஆண்டுகளாக எந்தப் பூச்சிக்கும் தலைவணங்காத தானியம் சம்பா கோதுமை!”

பெலிக்ஸ் இப்படித் தொடங்கியதும் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. திண்டுக்கல் மே மாத வெயிலில் அவர் கோட்டு போட்டிருந்தார். மச்சினன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர். தேறாவிட்டால், ஒன்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிவரும் அதே “இந்தா, முடியப்போகுது.”

மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் ரேஷன் கோதுமை. மற்றதில் பழனி மலைப் பக்கமிருந்து வரவழைத்த, உமி நீக்காத சம்பா கோதுமை. இரண்டிலும் சமமாகக் கூன்வண்டுகளை விட்டு, வாயைத் துணியால் கட்டி, வீட்டு அடுக்களையில் வைத்திருந்தார். கல்லூரி ஆய்வகத்தில் எலித் தொல்லை.

பெண்வண்டு மணியைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாக வெளியே வரும். ரேஷன் ஜாடியில் இப்போது கோதுமையைவிட வண்டு அதிகம்.

சம்பா ஜாடியில் நடமாட்டமே இல்லை.

“உமி என்னும் கவசம்!” என்றார் பெலிக்ஸ். கவசம் வரும்போதெல்லாம் கை தானாக உயர்ந்தது.

முன்வரிசையில் மனைவி பிரிஸ்கில்லா, பட்டுச்சேலையில். மடியில் கைக்குழந்தை. அதன் வலது கையில் வசம்பு வளையல். இடது கை வெறுங்கை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த தேர்வாளர் மரியாதையானவர். அதனாலேயே ஆபத்தானவர்.

“அந்தச் சம்பாவைக் கொஞ்சம் கொட்டிக் காட்டுங்க.”

சர்ச் பூசையில் சாமியார் கிண்ணத்தை உயர்த்துவதுபோல ஜாடியை உயர்த்தி, தட்டில் கவிழ்த்தார் பெலிக்ஸ்.

கோதுமை கொட்டியது. செத்த வண்டுகள் கொட்டின. கடைசியாக ஒரு குட்டி வளையல் விழுந்து, உருண்டு, தேர்வாளர் முன்னால் போய்ப் படுத்தது.

“இது என்னங்க?”

அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் அது என்னவென்று தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை. பேரைச் சொன்னால் மருந்து பலிக்காது. பெலிக்ஸும் வாய் திறக்கவில்லை. அவர் காரணம் வேறு.

பிரிஸ்கில்லா எழுந்தாள்.

“அது பேர் சொல்லாதது சார். பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச நல்ல கோதுமையா வாங்கி வச்சிருக்காரே, அம்புட்டும் வண்டா ஊருதேன்னு நாந்தான் கழட்டிப் போட்டேன். அப்புறம் ஒண்ணுகூட அண்டல.”

“அப்ப இந்த ஜாடிக்கு ஏனுங்க போடல?”

“அது ரேஷன் கோதுமைதான சார்.”

ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலும் அந்தப் பேர் இல்லை.

வீட்டு வாசலில் ‘டாக்டர் பெலிக்ஸ்’ என்ற பலகையைக் காலையிலேயே மாட்டியிருந்தார்கள்.