பழைய எடை

“ஆளு வந்து தட்டுல உக்காரணும். ஆளே இல்லாம எடைக்கு எடை எப்படிக் கொடுக்கிறது?” என்று கேட்டார் பூசாரி.

யுகேந்திரன் கீழே அடுக்கியிருந்த சீனியைக் காட்டினான். ஐம்பது கிலோ மூட்டை இரண்டு. ஒரு கிலோ பொட்டலம் நாற்பத்திரண்டு.

அவன் மனைவி துளசியின் எடை அது.

போன வருஷம் இதே மாரியம்மன் முன்னால் நின்று துளசி வேண்டிக்கொண்டாள். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்துவிட்டால், தன் எடைக்கு எடை சீனி தருவதாக. மனதுக்குள் அல்ல, கோயிலே கேட்கும்படி. பீடோர் ஊருக்கு உள்ளே, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் சொந்தக்காரர்கள் எப்போதோ இங்கிருந்து போய்விட்டார்கள். அம்மன் மட்டும் மிச்சம். அம்மனிடம் அவளுக்கு வெட்கம் கிடையாது.

சீனி ஏன் என்று அவன் கேட்டிருந்தான். ஆபரேஷன் முடிந்தால் தன்னால் தொட முடியாது, அம்மனாவது சாப்பிடட்டும் என்றாள்.

“பணம் கெடச்சிருச்சா தம்பி?” கோயில் தலைவர் பத்துமலை நம்பாமல் கேட்டார்.

“கெடச்சிருச்சு அண்ணே. காப்புறுதியில கொடுத்தாங்க.”

பத்துமலை அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

துளசி பார்க்காத வழி இல்லை. மாதச் சீட்டு மாதிரி கூட்டுப் பணம் கட்டினாள். அவள் முறை வருவதற்குள் கூட்டு நடத்திய அக்கா ஈப்போவை விட்டே போய்விட்டாள். நகைகளை அடகு வைக்கலாம் என்றால், அவை கல்யாணச் செலவுக்காக ஏற்கனவே அடகுக் கடையில் இருந்தன. மருத்துவமனை தவணை தரத் தயார், அவன் சம்பளத்தைப் பார்த்த வங்கி தயாராக இல்லை. அவள் இன்சூரன்ஸ் எடுத்திருந்த காப்புறுதி நிறுவனமோ, பருமன் நோயல்ல, வாழ்க்கை முறை என்று எழுதியது. துளசி அதைப் படித்துவிட்டு, “அப்ப நான் நல்லா வாழறேன்னு ஒத்துக்கறாங்க” என்றாள்.

அதற்கப்புறம்தான் அம்மனிடம் வந்தாள்.

இப்போது கோயில் செயலாளர் விக்னேஸ்வரனுக்கு ஒரு சந்தேகம். வேண்டிக்கொண்டபோது இருந்த எடையா, ஆபரேஷனுக்கு அப்புறம் இருக்கிற எடையா?

கோயில் இரண்டாகப் பிரிந்தது. பழைய எடை என்றார் பத்துமலை. நிறுக்கிற அன்றைக்கு இருக்கும் எடைதான் சட்டம் என்றார் விக்னேஸ்வரன். எந்தச் சட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

பூக்கட்டிக்கொண்டிருந்த மங்களம் தலையைத் தூக்காமல் சொன்னாள். “சாமி என்ன பேங்க்கா லா, பழைய பாக்கியக் கேட்டு வாங்க? ஊருல பாதிப் பேருக்கு இனிப்பு நீரு வியாதி. இவரு மூட்டை மூட்டையா சீனியக் கொண்டாந்து எறக்குறாரு.”

“பழைய எடைதான் அக்கா,” என்றான் யுகேந்திரன். “வேண்டிக்கிட்டது அந்த உடம்பு.”

அந்த எடை அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வீட்டுத் தராசு நூற்றிருபதோடு நின்றுவிடும் என்பதால் புந்தோங்கில் பழைய இரும்புக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனான். கடைக்காரர் எடையைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் விலையையும் சொன்னார். துளசி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். மோட்டார் சைக்கிள் ஆடியது.

துளசி யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. அம்மனுக்கும் வைக்கக் கூடாது. அதற்குத்தான் வந்திருக்கிறான்.

கடைசியில் பூசாரியே வழி சொன்னார். ஆள் வர முடியாவிட்டால் புருஷன் உட்காரலாம்.

பழைய ரப்பர் ஸ்டோரிலிருந்து காப்பாற்றி வைத்த தராசு அது. ஒரு தட்டில் சீனியை ஏற்றினார்கள். மறு தட்டில் யுகேந்திரன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தராசு அவனைக் கூரைப் பக்கம் தூக்கியது.

“புருஷன் பத்தாது,” என்றாள் மங்களம்.

அவனை இறக்கினார்கள். பத்துமலை வேட்டியை மடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தட்டு அவர் பக்கம் சாய, யுகேந்திரன் வழுக்கிப்போய் அவர் தோளில் மோதினான். வீட்டு மெத்தையில் தினமும் இப்படித்தான் துளசி பக்கம் சரிவான். எழுந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நல்லாப் பிடிச்சுக்க தம்பி,” என்றார் பத்துமலை.

இன்னும் கொஞ்சம் குறைந்தது. விக்னேஸ்வரன் இரண்டு தேங்காயையும் தன் ஹெல்மெட்டையும் அவர்கள் மடியில் வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது. மணி அடித்தது. மங்களம் குலவையிட்டாள்.

யுகேந்திரன் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினான். எதிரே துளசி அளவுக்குச் சீனி.

விக்னேஸ்வரன் அவன் காதருகே குனிந்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க மச்சான். தங்கச்சி இப்ப எவ்ளோ கிலோ இருக்கும்?”

அவன் மடியிலிருந்த தேங்காயைச் சரிசெய்தான்.

உள்ளதைச் சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள். துக்க வீட்டுக்காரன் ஒரு வருஷத்துக்கு வேண்டுதல் செலுத்தக் கூடாது.

காப்புறுதி நிறுவனம் இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழைப் பார்த்தது, ஆபரேஷனுக்குக் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தது.

லுமுட் கடலில் அஸ்தி கரைக்கப் படகு ஏறியபோதும், விழாமலிருக்க ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

துளசி மறு கையில் இருந்தாள்.