துக்கம் விசாரித்ததற்கு ஃபீஸ்

வாஷிங்டன் நீதிமன்ற அறையில் வெயில் மேசைவரை வந்துவிட்டது. தடுப்பூசியின் பக்கவிளைவில் கணவனை இழந்த மார்லீனுக்கு இழப்பீடு கிடைத்தாயிற்று. அவளுடைய வக்கீல் ட்ரெஸ்காட்டுக்கு அரசு எவ்வளவு ஃபீஸ் தருவது நியாயம் என்பதுதான் இன்றைய பேச்சு. அவர் கொடுத்த மணிக்கணக்குப் பட்டியலில் நீதிபதியம்மாவின் பேனா ஒரு வரியில் நிற்கிறது. "இவங்க புருஷனோட சவ அடக்கத்துக்குப் போன மூணு மணி நேரமும் வேலையா?" ட்ரெஸ்காட் டையைத் தளர்த்துகிறார். "குமாஸ்தா பண்ணின தப்பும்மா. அதை வாபஸ் வாங்கிக்கறேன்." மார்லீன் எழுந்துவிடுகிறாள். கல்யாண மோதிரம் போட்ட கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறது. "அன்னிக்கு நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே, அப்பவும் மீட்டர் ஓடிச்சா? வாபஸெல்லாம் வேணாம்மா. தீர்ப்புல இவர் பேரைப் போட்டு எழுதுங்க. அடுத்து வர்றவ படிச்சுட்டு வக்கீல் தேடட்டும்." பேனா காகிதத்தில் உரசத் தொடங்குகிறது. ட்ரெஸ்காட்டின் காது சிவக்கிறது. மார்லீன் நிதானமாக உட்கார்கிறாள். "இப்ப முழிக்கிற நேரத்தையும் கணக்குல சேத்துக்கோங்க, வக்கீல் சார்."