ஆணியில் மாட்டிய பனிக்குழாய்

கணவாய் மூடி மூன்று மாதமாகிவிட்டது. மலைமேலிருந்த பனி அளவு நிலையத்திலிருந்து மே வரை இறங்க வழியில்லை. பெய்ஷென் பனியைக் குழாயில் எடுத்து எடைபோட்டு உள்ளே வந்தான். குழாயை ஆணியில் மாட்டிவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ரேடியோவை எடுத்தான்.

“ஆழம் எரநூத்திப் பதினாலு சென்டிமீட்டர். உருகினா தண்ணி அறுவத்தெட்டு. எழுதிக்கோ புருல்சா.”

அடிவார அலுவலகத்தில் புருல்சா தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “அதை நேத்தே எழுதியாச்சே. யாரு பேசறது?”

“குளிர்ல காது அடைச்சிருச்சா? பெய்ஷென்தான்.”

“வெளையாடாதீங்க. பெய்ஷென் அண்ணனும் கலிஷ் அக்காவும் நேத்தே ஹெலிகாப்டர்ல வந்துட்டாங்க. இதோ, பக்கத்துலதான் டீ குடிக்கிறாங்க. நிலையத்தைப் பூட்டி, குழாயையும் கையோட கொண்டுவந்துட்டாங்க.”

ரேடியோவில் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள்.

அடுப்பருகே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி கலிஷ் நிமிர்ந்தாள். “என்னங்க, என்னை மாதிரியே சிரிக்கிறா” என்றாள்.

பெய்ஷென் ஆணியைப் பார்த்தான். குழாய் இல்லை. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினான். வெளியே பூட்டு குலுங்கும் சத்தம் கேட்டது.

அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி இன்னும் உருகியிருக்கவில்லை.